கப்பன் பார்க்கில் ஒரு டென்னிஸ் வாரம்: நாம் சறுக்கும் இடங்கள்

பெங்களூரு ஓப்பன் பார்க்க நான் முதன்முதலில் போனது ஒரு சனிக்கிழமை மாலை. அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் கப்பன் பார்க். இறங்கி மரநிழலில் நடந்தால் கர்நாடக டென்னிஸ் சங்கத்தின் அரங்கம் வந்துவிடும். மாமாவும் கூட வந்திருந்தார். நாங்கள் பார்க்க ஆசைப்பட்டது, தரவரிசையில் முந்நூறுக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ்நாட்டு வீரரை. அங்கே ஒட்டியிருந்த டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில்) விரலை வைத்துத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஓரத்துக் கோர்ட் ஒன்றில் தோற்று, ஊரைவிட்டே போயிருந்தார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, கட்டுச்சாதம் கட்டும் நேரத்தில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே மாப்பிள்ளை" என்றார் மாமா.

வளரும் வீரர்களைப் பின்தொடர நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். விம்பிள்டனை டிவியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வார இறுதிதான் திருவிழா. ஆனால் பெங்களூருவில் நடப்பது, ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் மேல்மட்டமான ஏ.டி.பி. சுற்றுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் நிலைப் போட்டி. முதன்மைச் சுற்றில் 32 பேர். ஐந்து ஆட்டம் வென்றால் கோப்பை. அதற்கு முன்பே ஞாயிறும் திங்களும் தகுதிச் சுற்று நடந்துவிடும். 24 பேர் மோதி 6 பேர் உள்ளே வருவார்கள். நாம் தேடும் இருபது வயதுக்காரர் பெரும்பாலும் அந்த 24 பேரில்தான் இருப்பார். தகுதிச் சுற்றிலிருந்து கோப்பைவரை போக வேண்டுமென்றால் எட்டு நாளில் ஏழு ஆட்டம். வியாழக்கிழமை அவருடைய கால் ஏன் கனக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவரைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

தகுதிச் சுற்று என்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது 2024 ஆஸ்திரேலிய ஓப்பன். சுமித் நாகல் தகுதிச் சுற்று வழியாகத்தான் உள்ளே வந்தார். முதல் சுற்றில் 31ஆம் நிலை (சீட்) பெற்றிருந்த அலெக்சாண்டர் பூப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் நிலை பெற்ற ஒருவரை இந்திய ஆண் ஒருவர் வென்றது 1989இல் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு அப்போதுதான். அடுத்த மாதமே சென்னை சேலஞ்சரையும் வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். அதே நாகல் 2017இல் வென்றது இந்தக் கப்பன் பார்க் கோப்பையைத்தான். அன்று காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார்கள்.

டிராவைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் எண் இருந்தால் வலுவானவர், இல்லாவிட்டால் சுலபமான எதிரி என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். எண்ணைவிட அங்கே இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். கியூ என்றால் தகுதிச் சுற்றில் வென்று வந்தவர். அதே கோர்ட்டில், அதே பந்தில் ஏற்கெனவே இரண்டு வெற்றி பெற்ற சூட்டோடு நிற்பவர். நேற்றிரவு விமானத்தில் வந்து இறங்கிய மூன்றாம் நிலை வீரருக்கு அவரைப் பார்த்தாலே உதறும். பி.ஆர். என்று இருந்தால் காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியிருந்து, பழைய தரவரிசையின் பாதுகாப்பில் திரும்பி வந்திருப்பவர். இரண்டு வருடம் முன்பு முதல் நூறில் இருந்தவராகக்கூட இருக்கலாம். எல்.எல். என்றால் தகுதிச் சுற்றில் தோற்றும், யாரோ விலகியதால் இடம் பெற்றவர். இழக்க ஒன்றுமில்லாமல் ஆடுகிற ஆளைப் போல ஆபத்தானவர் வேறு யார்? வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்கள் தரும் சிறப்பு இடம், பெற்றவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். நமக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இன்னொன்று: போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடு சுமார் மூன்று வாரம் முன்பே முடிந்துவிடும். நிலைவரிசை அதற்குப் பிந்தைய பட்டியலை வைத்துப் போடப்படும். ஆகவே "போன வாரம் கோப்பை வென்றவருக்கு ஏன் நேரடி இடம் இல்லை" என்று அமைப்பாளர்களைத் திட்டுவதில் பயனில்லை. அவர் பெயர் கொடுத்தபோது வேறு தரத்தில் இருந்தார்.

நேரக் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஆட்ட வரிசை முந்தின மாலைதான் வரும். அதில் முதல் ஆட்டத்துக்கு மட்டுமே உறுதியான நேரம் உண்டு. மற்றவை ஒன்று முடிந்தபின் ஒன்று. "இந்த நேரத்துக்கு முன் இல்லை" என்று போட்டிருந்தால் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் என்று பொருள். மூன்றாவது ஆட்டத்துக்குக் கணக்குப் பார்த்துப் பொறுமையாகக் கிளம்புகிறவர் பாதி ஆட்டத்தைப் பாதையிலேயே விட்டுவிடுவார்.

என்னுடைய பெரிய தவறு கைபேசியில் நடந்தது. ஒரு வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து கிளம்பி மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். திரையில் எங்கள் வீரர் 2-6, 1-4. "அவ்வளவுதான், முடிந்தது" என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு டிரினிட்டியில் இறங்கி எதிர்த்திசை ரயிலைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து காப்பி கலந்து உட்கார்ந்து திரையைத் திறந்தால், மூன்றாவது செட்டில் 5-5. கடைசியில் 7-5 என்று வென்றுவிட்டார். அரங்கில் இருந்த நண்பர் பிறகு சொன்னதைக் கேட்டபோதுதான் புரிந்தது. முதல் செட்டில் தோற்ற கேம்கள் (செட்டுக்குள் வரும் சிறு ஆட்டங்கள்) பலவும் டியூஸ்வரை, அதாவது 40-40வரை, இழுத்தவையாம். எதிராளியின் முதல் சர்வீஸ் இரண்டாவது செட்டின் நடுவிலேயே தளரத் தொடங்கிவிட்டதாம். அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், திரையைத் தவிர.

டென்னிஸ் எண்ணிக்கை அப்படிப்பட்டது. 40-0 என்று வென்ற கேமும், ஆறு டியூஸ் கண்டு வென்ற கேமும் பலகையில் ஒரே ஒன்றுதான். மொத்தப் புள்ளிகளில் பின்தங்கியவர் முழு ஆட்டத்தையும் வெல்வதும் நடக்கிறது. அதனால் இப்போது நான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் குறிப்பது 30-30, பிரேக் பாயிண்ட் (சர்வீஸ் போடுபவர் கேமை இழக்கும் விளிம்பு) போன்ற இறுக்கமான புள்ளிகளை மட்டும்: இரண்டாவது சர்வீஸ் எங்கே விழுந்தது, அடித்தபின் அவர் முன்னே வந்தாரா பின்னே போனாரா, அவ்வளவே. ஓரத்துக் கோர்ட்டில் வேலியை ஒட்டி நின்றால் இதெல்லாம் கை எட்டும் தூரத்தில் நடக்கும். ஒரு தகுதிச் சுற்றுக்காரர் ராக்கெட் கைப்பிடியின் பழைய கிரிப்பைப் பல்லால் கடித்து உரித்துப் புதியதைச் சுற்றிக்கொண்டிருந்தார். வியர்வையில் விரல் வழுக்க, மூன்று முறை பிரித்துப் பிரித்துச் சுற்றினார். ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்ல இப்போது விதி அனுமதிக்கிறது. ஆனால் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் யாருமே இல்லை. இந்த நிலையில் பலருக்குப் பயிற்சியாளரைக் கூட்டிவரவே கட்டுப்படியாகாது. அடுத்த சர்வீஸ் கேமில் 30-40. இரண்டாவது சர்வீஸை எதிராளியின் உடம்பை நோக்கியே அடித்தார். நான் நோட்டில் அடிக்கோடு போட்டேன்.

ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்காததும் ஒரு பிழை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தியாவில் சேலஞ்சர்கள் அடுத்தடுத்து வரும். 2025இல் சென்னை, டெல்லி, புனே, பெங்களூரு என்று வரிசையாக நடந்தன. சென்னையில் கலக்கியவர் இங்கே முதல் சுற்றில் கோட்டுக்கு வெளியே வெளியே அடித்தால் "ஃபார்ம் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். நுங்கம்பாக்கம் கடல் மட்டம். காற்றில் ஈரம், பந்து கனக்கும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். காற்று மெலிது, பந்தின் வேகம் குறைவாகவே குறையும், அடித்தால் பறக்கும். உயரமான ஊர்களுக்கென்று தனிப் பந்து உண்டு. ஆனால் அது 1219 மீட்டருக்கு மேல்தான் விதிப்படி வரும். இங்கே வழக்கமான பந்துதான். ஆகவே ராக்கெட் நரம்பை இன்னும் இறுக்கிக் கட்டி, மேல்சுழற்சியைக் கூட்டி, ஓரிரு நாளில் பழகிக்கொள்ள வேண்டும். பலமாகச் சர்வீஸ் போடுகிறவருக்கு இந்த ஊர் சொர்க்கம். பொறுமையாகப் பந்தைத் திருப்பியே எதிராளியைக் களைக்க வைப்பவருக்கு அவ்வளவு சுகமில்லை. ஒரே வீரரின் சென்னை முடிவையும் பெங்களூரு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி மாமாவின் தவறு. எங்கள் வீரர் ஒரு வருடம் அரையிறுதிவரை வந்துவிட்டார். மாமா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை பட்டியல் வெளியானபோது வீரர் இறங்கியிருந்தார். "கணினி தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது" என்று மாமா சாதித்தார். முப்பது வருடம் வங்கியில் இருந்தவர் அவர். கணினி சரியாகத்தான் போட்டிருந்தது. தரவரிசைப் புள்ளி 52 வாரம்தான் உயிரோடு இருக்கும். 125 நிலை சேலஞ்சரில் கோப்பைக்கு 125 புள்ளி, இறுதியில் தோற்றால் 64, அரையிறுதியில் தோற்றால் 35. போன வருடம் இதே வாரம் இறுதிக்குப் போனவர் இந்த வருடம் அரையிறுதியோடு நின்றால், கையில் 35 வரும்; 64 போகும்; நிகரம் 29 குறைவு. வைப்புநிதி முதிர்ந்த நாளில் பாதியை மட்டும் மறுபடி போட்டால் பாஸ்புக் என்ன காட்டும் என்று கேட்டேன். அதன்பின் மாமா வாயைத் திறக்கவில்லை. மைசூர்பாகுக்கு மட்டும் திறந்தார்.

ஆகவே "எத்தனை புள்ளி எடுத்தார்" என்று மட்டும் பார்க்காமல், "எத்தனையைக் காக்க வேண்டியிருந்தது" என்றும் பாருங்கள். சென்னைக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2018 நவம்பரில் இதே கோர்ட்டில், இறுதியில் சாகேத் மைனேனியை வென்று கோப்பையை எடுத்தார். 2019 ஏப்ரலில் தரவரிசையில் 75ஐத் தொட்டார். அந்த உச்சிக்கு அவரை ஏற்றிய ஏணியில் பெங்களூருப் புள்ளிகளும் ஒரு படி. எந்த எண்ணுக்கு மேல் என்ன கதவு திறக்கும் என்பதையும் தெரிந்துகொண்டால் ஆட்டத்தின் பதற்றம் விளங்கும். கிராண்ட்ஸ்லாமில் தரவரிசைப்படி நேரடியாக நுழைபவர்கள் 104 பேர். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தகுதிச் சுற்று. இருநூற்றுச் சொச்சத்தில் நிற்பவருக்கு ஒரு காலிறுதி வெற்றி, மெல்போர்னுக்கோ பாரிஸுக்கோ விமானம் ஏறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே பதிலாக இருக்கலாம்.

பாதியில் விலகுபவரை ஏசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஆடத் தொடங்கி நிறுத்தினால், அந்த ஆட்டத்திலிருந்து மட்டும் ஓய்வு (ரிடயர்டு). கோர்ட்டுக்கே வராவிட்டால் எதிராளிக்கு வாக்கோவர். இரண்டும் ஒன்றல்ல. அடிவயிற்றுத் தசை இழுத்தவர் பிடிவாதமாக ஒரு மணி நேரம் கூடுதலாக ஆடினால் இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் வீட்டில் கிடக்க நேரும். சம்பளம் யாரும் தருவதில்லை.

இரட்டையரை எழுந்து போகும் இடைவேளையாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024இல் ஹாங்சோ ஏ.டி.பி. பட்டத்தை வென்றவர்கள் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள், இந்த மாதிரிச் சேலஞ்சர் கோர்ட்டுகளில் ஆண்டுக்கணக்கில் உருண்டவர்கள். இரட்டையரில் டியூஸ் வந்தால் ஒரே புள்ளியில் முடிவு. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக்கர். பலகையில் 10-8 என்று பார்த்து யாரும் குழம்ப வேண்டாம்.

பட்டம் சூட்டும் அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பனில், கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் பதினைந்து வயதில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதிவரை போனார். அடுத்த வாரமே அடுத்த சானியா என்றும், இன்னும் பெரிய பெயர்களும் கிளம்பிவிட்டன. பிறகு அவர் வாராவாரம் பெரிய போட்டிகளில் தென்படவில்லை என்றதும், "என்ன ஆனது அந்தப் பெண்ணுக்கு" என்று அதே வாய்கள் கேட்டன. ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு எத்தனை தொழில்முறைப் போட்டி ஆடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. சிறு வயதிலேயே உடம்பும் மனசும் எரிந்துபோகாமல் இருக்க வைத்த விதி அது. வயதைப் பார்க்காமல் தரவரிசை வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தேக்கமாகத் தெரியும்.

அரங்கத்துக்குள் நடந்துகொள்ளும் விதம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஒற்றைப்படை கேம் முடிந்து பக்கம் மாறும்போது மட்டும் எழுந்து நகர வேண்டும், இரட்டைத் தவறுக்கு (இரண்டு சர்வீஸும் வீணானால்) கைதட்டக்கூடாது. தெரியாத ஒன்று: காலரியிலிருந்து புள்ளிக்குப் புள்ளி வெளியே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால் வெளியேற்றிவிடுவார்கள். பந்தயக்காரர்கள் செய்யும் வேலை அது. மாமா ஒருமுறை என் அத்தைக்கு ஒவ்வொரு புள்ளியையும் செய்தியாகத் தட்டிக்கொண்டிருந்தபோது காவலர் வந்து அருகில் நின்றார். அத்தையின் படத்தைக் காட்டித் தப்பித்தோம்.

பந்தயத்தில் பணம் போனவர்கள்தான் தோற்ற வீரரின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போய் வசை எழுதுகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பணம் போடாத நம் ஆட்களும் எழுதுகிறார்கள். இருநூற்றைம்பதாவது இடத்தில் இருப்பவருக்கு அதை வடிகட்ட உதவியாளர் கிடையாது. ஐஸ் கட்டியைக் காலில் வைத்துக்கொண்டு அவரேதான் படிப்பார்.

இந்த முறை தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாமா இப்போதே தொப்பி வாங்கிவிட்டார். கட்டுச்சாதமும் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.