உலகப் பொது அறத்தை அரசியல் வாதத்தில் நிலைநிறுத்தும் முறை

"எல்லா மனிதர்க்கும் இந்த உரிமை உண்டு" என்று வாதிடத் தொடங்கும் எவரும், அந்த "எல்லா" என்னும் சொல்லுக்கு ஆதாரம் என்ன என்ற கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். அதைத் தட்டிக்கழிப்பவரின் வாதம் பாதி வழியிலேயே சாய்ந்துவிடும். எல்லா மக்களுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் பொது அறம் இன்றும் அரசியலைத் தாங்கக்கூடியது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதைக் கையாளும் வரிசையில் கவனம் வேண்டும்.

முதலில், கோரிக்கையையும் அதன் காரணத்தையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்பது கோரிக்கை. மனிதன் இறைவனின் படைப்பு என்பதும், பகுத்தறிவு உடையவன் என்பதும், வலியை உணரும் உயிர் என்பதும் அதற்கு வெவ்வேறு மக்கள் சொல்லும் காரணங்கள். ஐக்கிய நாடுகள் சபை (ஐ.நா.) உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தபோது, உரிமைகளின் ஊற்றாகக் கடவுளையோ இயற்கையையோ குறிப்பிட வேண்டும் என்ற யோசனைகள் எழுந்தன. சீனப் பிரதிநிதி பி. சி. சாங் அவற்றை ஏற்காமல், பல மரபினரும் தத்தம் காரணத்தோடு நுழையும்படி வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற நோக்கில் வாதாடினார். 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் 48 நாடுகள் அந்தப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்ப்பு வாக்கு ஒன்றும் விழவில்லை. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. காரணங்களில் ஒருமைப்பாடு வரும்வரை காத்திருந்தால் எந்த உரிமையும் எழுத்தில் ஏறியிராது.

அடுத்து, உங்கள் வாக்கியத்திலிருந்து விடுபட்டவர் யார் என்று தேடுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1789-இல் வெளியான பிரெஞ்சு உரிமைப் பிரகடனம் மனிதர் அனைவரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றது. அதன் நிழலிலேயே பெண்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டது, கரீபியன் தோட்டங்களில் அடிமை முறை தொடர்ந்தது. 1791-இல் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலிம்ப் த கூஜ் பெண்ணின் உரிமைகளுக்கெனத் தனியே ஒரு பிரகடனம் எழுதினார். அதே ஆண்டு பிரான்சின் கரீபியன் குடியேற்றமான சான் தொமிங்கில் (இன்றைய ஹெய்தி) அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1794-இல் பாரிசில் கூடிய பிரெஞ்சுப் புரட்சியின் சட்டமன்றம் அடிமை முறையை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் அதை மீட்டெடுக்க முனைந்தார், அவரது படையை முறியடித்து 1804-இல் ஹெய்தி விடுதலை பெற்றது. அந்த அடிமைகள் "இது உங்கள் பண்பாட்டின் கருத்து" என்று 1789-இன் பிரகடனத்தைத் தூக்கி எறியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். சொன்னதைச் சொன்னபடி நடத்து என்று சொன்னவனிடமே கேட்டார்கள். பொது அறத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் எந்தத் தத்துவ நூலிலும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1948-இன் பிரகடன வரைவிலும், ஆண்பாலாகப் படிக்கக்கூடிய சொல் முதல் பிரிவிலிருந்து நீங்கி "எல்லா மனிதப் பிறவிகளும்" என்ற பொருள் தரும் சொல் வந்ததற்கு இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவின் விடாப்பிடியே முக்கியக் காரணம்.

பண்பாட்டு வேறுபாட்டைக் காட்டி மறுப்பவருக்கு மரியாதையோடு பதில் சொல்லுங்கள், ஏனெனில் அந்த மறுப்பில் உண்மை உண்டு. 1948-இல் ஐ.நா.வில் 58 நாடுகளே உறுப்பினர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி அன்னிய ஆட்சியில் கிடந்தது. 1947-இல் அமெரிக்க மானுடவியல் சங்கமே இந்த முயற்சியைக் குறித்து எச்சரித்தது. ஆயினும் விடுதலை பெற்ற நாடுகள் உரிமை மொழியைக் கைவிடாமல் விரித்தன: 1948-இன் ஆவணத்தில் இல்லாத மக்களின் சுயநிர்ணய உரிமை, 1966-இன் இரு ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளிலும் முதல் பிரிவாக இடம்பெற்றது. அந்தச் சங்கமும் 1999-இல் மனித உரிமைகளை ஆதரித்துப் பிரகடனம் வெளியிட்டது. எனவே "எங்கள் பண்பாடு இதை ஏற்காது" என்ற சொல் வரும்போது, அப்பண்பாட்டின் பெயரால் பேசுபவர் ஆள்பவரா, அடிபடுபவரா என்று கேளுங்கள்.

பிறகு, கடமை யாருடையது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நாடற்றோரின் நிலையை ஆராய்ந்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் காட்டியதுபோல, தம்மை உறுப்பினராக ஏற்கும் அரசு இல்லாதவருக்கு மனிதன் என்ற தகுதி மட்டும் எதையும் காப்பாற்றித் தரவில்லை. உரிமைகளின் உறுதியும் ஒன்றுபோல் இல்லை. நெருக்கடி நிலையிலும் அரசு சித்திரவதையில் இறங்கவோ அடிமைப்படுத்தவோ முடியாது என்று 1966-இன் குடிமை உரிமை உடன்படிக்கை விதிக்கிறது, கூட்டம் கூடும் உரிமைக்கோ வரம்புகளை அனுமதிக்கிறது. இரண்டையும் ஒரே குரலில் கோரினால் முதலாவதன் வலு குறையும்.

கடைசியாக, எழுதி முடித்த வாக்கியத்தில் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் உங்கள் அரசியல் எதிரியின் பெயரையும், குற்றம் செய்த அரசின் இடத்தில் நீங்கள் ஆதரிக்கும் அரசின் பெயரையும் வைத்து உரக்கப் படியுங்கள். எந்தச் சொல்லில் குரல் தயங்குகிறதோ, அந்தச் சொல்லிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.