லினக்ஸ் டிஸ்ட்ரோ தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளம் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது; ஒவ்வொன்றும் ஒரு டிஸ்ட்ரோ. திரையில் பார்த்த அழகுக்கு மயங்கி டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. அந்த அழகு டெஸ்க்டாப் சூழலுக்கு, அதாவது மெனு, சாளரங்கள், அமைப்புகள் அடங்கிய தொகுப்புக்குச் சொந்தமானது. கேடிஇ பிளாஸ்மா, க்னோம் இரண்டும் அப்படிப்பட்டவை. கேடிஇ பிளாஸ்மா பிடித்திருந்தால் ஃபெடோரா, டெபியன், குபுண்டு எதிலும் அதை வைத்துக்கொள்ளலாம். டிஸ்ட்ரோ மாறும்போது உண்மையில் மாறுவது வேறு: மென்பொருள் எவ்வளவு புதிதாகக் கிடைக்கும், பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் வரும். பிடித்த டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பையே இறக்குங்கள். க்னோம் இருக்கும் கணினியில் பிளாஸ்மாவையும் ஏற்றினால் கோப்பு மேலாளர் இரண்டு, அமைப்புகள் செயலி இரண்டு என்று மெனு நிறைந்துவிடும். பிறகு ஒன்றைச் சுத்தமாக நீக்குவது பெரும்பாடு.

அடுத்தது, ஆதரவுக் காலத்தைப் பார்க்காமல் "புதியதே நல்லது" என்று எடுப்பது. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது மட்டுமே எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 24.04 என்றால் 2024 ஏப்ரல். அதற்கு ஐந்து ஆண்டு அப்டேட் உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதம் தாங்கும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும். அது தொல்லை என்று நினைப்பவருக்கு ஃபெடோரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒத்துவராது.

புத்தம்புது லேப்டாப்பில் பழைய கெர்னலை (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றுவது இதற்கு நேர் எதிர்த் தவறு. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், அதிலுள்ள 6.12 கெர்னல் 2024 நவம்பரில் வெளியானது. அதன் பிறகு சந்தைக்கு வந்த வைஃபை சிப்பையோ கிராபிக்ஸையோ அது அடையாளம் காணாமல் போகலாம். கணினிக்கு ஓராண்டுக்கு மேல் வயதாகிவிட்டதா? லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எல்டிஎஸ் போதும். புதிதாக வாங்கியது என்றால் ஃபெடோராவே என் பரிந்துரை.

எதுவானாலும் லைவ் யுஎஸ்பியில், அதாவது கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே, ஓட்டிப் பார்க்காமல் நிறுவக் கூடாது. பலர் பிரவுசரைத் திறந்து, இணையம் வருகிறது என்றதும் நிறுவிவிடுகிறார்கள். ஹெட்செட்டைச் செருகி மைக்கில் பேசிப் பதிவு செய்யுங்கள். திரை வெளிச்சம், ஒலி பட்டன்களை அழுத்துங்கள். புளூடூத்தையும் வெளி மானிட்டரையும் இணையுங்கள். முக்கியமாக லேப்டாப்பை மூடித் தூங்கவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, திரை உயிர்பெறுகிறதா, பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்தில் வரும் கோளாறுதான் பின்னால் தினமும் வதைக்கும்.

என்விடியா கிராபிக்ஸ் இருந்தால் லைவ் சோதனை முழுக் கதையையும் சொல்லாது. பெரும்பாலும் அங்கே ஓடுவது நூவோ என்ற திறந்த மூல டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்). செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் வசதி) இயங்கும் கணினியில் என்விடியாவின் சொந்த டிரைவரை உபுண்டுவில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கலாம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து, சில நொடிகளே காத்திருக்கும். உடனே ஒரு விசையை அழுத்தி 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்ப விசையைக் கணினியில் பதிவது) என்பதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் லோடு ஆகாது. திரை தெளிவில்லாமல் வந்ததும் டிஸ்ட்ரோவையே மாற்றிவிடுபவர்கள் ஏராளம்; டிஸ்ட்ரோ மேல் குற்றமே இல்லை.

காளி லினக்ஸை அன்றாட வேலைக்கு எடுக்காதீர்கள். அது பாதுகாப்புச் சோதனைக்கான கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆர்ச் நல்ல டிஸ்ட்ரோ, ஆனால் பொறுமை கேட்கும். பேக்கேஜ் (மென்பொருள்) பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, முழு அமைப்பையும் மேம்படுத்தாமல் ஒரே ஒரு செயலியை மட்டும் நிறுவினால், அது தேடும் லைப்ரரி (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) பதிப்பும் கணினியில் இருப்பதும் பொருந்தாமல் போகலாம். மேம்படுத்துவதென்றால் முழுதாக மேம்படுத்த வேண்டும். டிஸ்ட்ரோவாட்ச் என்ற இணையதளத்தின் தரவரிசையை நம்பி எடுப்பதும் வேண்டாம். அது எண்ணுவது அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் பார்த்தவர்களை, பயன்படுத்துபவர்களை அல்ல.

விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்வதாக இருந்தால், பார்ட்டிஷனில் (டிஸ்கின் பிரிவுகளில்) கை வைக்குமுன் மூன்று வேலைகள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) மீட்பு விசையை வேறொரு இடத்தில் சேமியுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக மூடப்படாமல், அதன் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. மூன்றாவது, கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள்.