கடுகில் தொடங்கி பேஸ்பாலில் முடியும் ஒரு நாள்: விஸ்கான்சினுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சிகாகோ பக்கம் குடிவந்த புதிதில் பேஸ்பாலைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் மனம் ஒட்டவில்லை. பிறகு ஒரு கோடைச் சனிக்கிழமை, கடுகுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு பக்கத்து மாநிலமான விஸ்கான்சினுக்குக் கிளம்பினோம். திரும்பும் வழியில் மில்வாக்கி மைதானத்தில் ஓர் ஆட்டம். அந்த ஒரே நாளில் பேஸ்பால் எனக்குப் பிடித்துப்போனது. ஆட்டத்தைச் சுற்றி இங்கே மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டால், ஆட்டம் தானாகவே புரியத் தொடங்குகிறது. நான் போன வழியையே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

மேஜர் லீக் பேஸ்பால், அதாவது இங்கே நடக்கும் முதல்தரத் தொழில்முறைப் போட்டி, மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை நடக்கும். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள், அதில் 81 சொந்த ஊரில். அதனால் நாள் கிடைக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் அட்டவணையைத் திறந்து, சனிக்கிழமை மாலை ஆட்டம் ஒன்றைப் பிடியுங்கள். ஞாயிறு ஆட்டங்கள் பெரும்பாலும் மதியமே தொடங்கிவிடும், அப்போது மியூசியத்துக்கு நேரம் இருக்காது.

மழை வந்தால் என்ன செய்வது என்ற பயம் இந்த ஊரில் தேவையில்லை. 2001இல் திறந்த இந்த மைதானத்துக்கு விசிறி மாதிரி விரிந்து மூடும் கூரை உண்டு. பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள். கீழே இருப்பது இயற்கைப் புல். முதல்முறை போகிறவர்களுக்கு நான் மில்வாக்கியைச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிக்கெட்டை அணியின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். புகழ்பெற்ற எதிரணி வந்தால் ஏறும், மற்ற நாளில் இறங்கும். மேல் அடுக்கே போதும். மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒன்பது பேரும் எங்கெங்கே நிற்கிறார்கள், ஏன் இடம் மாறுகிறார்கள் என்பது தெரியும். டிக்கெட் கைபேசியில்தான் வரும், அதனால் சார்ஜ் முக்கியம். பார்க்கிங்கையும் அப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: காலையில் மிடில்டன்

சிகாகோவிலிருந்து மிடில்டன் சுமார் 150 மைல். ஏழு மணிக்குக் கிளம்பினால் மியூசியம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மாநிலத் தலைநகர் மாடிசனை ஒட்டிய சிறிய ஊர் அது. அதன் கடைவீதியில் இருக்கிறது தேசியக் கடுகு மியூசியம். அனுமதி இலவசம்.

இதைத் தொடங்கியவர் பேரி லெவன்சன். விஸ்கான்சின் அரசு வழக்கறிஞராக இருந்தவர், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தீவிர ரசிகர். 1986 அக்டோபரில் நியூயார்க் மெட்ஸிடம் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை, அதாவது ஏழு ஆட்டங்கள் வரை போகும் மேஜர் லீக் இறுதிப் போட்டியை, தோற்றது. 1918க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி, ஆறாவது ஆட்டத்தில் கையில் கிடைத்த வெற்றியையும் நழுவவிட்டு, ஏழாவதில் வீழ்ந்தது. அன்றிரவு லெவன்சனுக்குத் தூக்கம் வரவில்லை. விடியவிடியத் திறந்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். துக்கத்தை மறக்க ஏதாவது சேகரிக்கலாம் என்று அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், கடுகுச் சாந்து ஜாடிகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். சில ஜாடிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வருடம் ஒரு வழக்குக்காக அவர் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. போகும் வழியில், ஓட்டல் நடையில் கிடந்த சாப்பாட்டுத் தட்டில் ஒரு குட்டிக் கடுகு ஜாடி இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் வாதாடினார். நீதிபதிகளில் 5க்கு 4 என்ற கணக்கில் வென்றார். பிறகு வேலையை விட்டுவிட்டு, 1992இல் மவுண்ட் ஹோரெப் என்ற ஊரில் மியூசியத்தைத் திறந்தார். 2009இல் அது மிடில்டனுக்கு இடம்பெயர்ந்தது. இப்போது 6,000க்கும் மேற்பட்ட கடுகுச் சாந்து வகைகள் அங்கே இருக்கின்றன.

சுற்றிப் பார்த்த பிறகு ருசி பார்க்கும் மேசைக்குக் கட்டாயம் போங்கள். குட்டிக் குச்சியில் தொட்டுக் கொடுப்பார்கள். கொஞ்சம் இனிப்பான வகையில் தொடங்கிக் காரமானதுக்குப் போவது நல்லது, முதலிலேயே காரத்தைத் தொட்டால் நாக்கு மற்றதை உணராது. நம் வீட்டுத் தாளிப்பில் கடுகு பொரிந்துவிடுகிறது. அந்தச் சூட்டில், மூக்கில் ஏறும் காரத்தை உண்டாக்கும் நொதி செயலிழந்துவிடுவதால் வாசனை மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. இங்கே பச்சைக் கடுகை அரைத்துத் தண்ணீரும் வினிகரும் சேர்க்கிறார்கள். அரைபட்ட கடுகில் ஈரம் பட்டதும் அந்த நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. தாளிப்புக் கடுகு மட்டும் தெரிந்த நாக்குக்கு அந்த மேசை ஒரு புதிய உலகம். பேஸ்பால் மைதானங்களில் ஹாட் டாக் மேல் பிழியும் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் சாந்தின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம் மஞ்சள் தூள்தான்.

இரண்டு ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

படி 3: மதியம் மில்வாக்கி ஏரிக்கரை

மில்வாக்கிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். மைதானத்துக்குப் போக இன்னும் நேரம் இருப்பதால், நேராக மிஷிகன் ஏரிக்கரையில் இருக்கும் கலை மியூசியத்துக்குப் போங்கள். கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த கட்டடம், இதுவும் 2001இல் வந்ததுதான். அதன் உச்சியில் பறவையின் சிறகுகள் மாதிரி ஒரு நிழல் அமைப்பு இருக்கிறது. விரித்த நிலையில் 217 அடி அகலம். மியூசியம் திறந்திருக்கும் நேரத்தில் விரிந்து, மாலை மூடும்போது மடங்கும். காற்று மணிக்கு 23 மைலைத் தாண்டினால் தானாகவே மடங்கிக்கொள்ளும். உள்ளே போகத்தான் டிக்கெட், வெளியே நின்று பார்க்க ஒன்றும் வேண்டாம். முதல்முறைக்கு வெளியே அரை மணி நேரம் போதும்.

கார் இல்லாதவர்கள் மிடில்டனை விட்டுவிட்டு, சிகாகோவிலிருந்து ஹயவாத்தா ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கிக்கு வந்துவிடலாம். ஆனால் அடுத்து வரும் படிக்குக் கார் இருந்தால்தான் சுகம்.

படி 4: பார்க்கிங்கில் சாப்பாடு

மில்வாக்கி மைதானத்தின் தனிச்சிறப்பு உள்ளே அல்ல, வெளியே தொடங்குகிறது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே குடும்பம் குடும்பமாக வந்து, காரின் பின்கதவைத் திறந்து வைத்து, கரி அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இதற்குப் பெயர் டெயில்கேட்டிங். வேறு பல ஊர்களிலும் உண்டு, ஆனால் பேஸ்பாலுக்கு இவ்வளவு ஆசையாகச் செய்வது இந்த ஊர்தான் என்று நினைக்கிறேன். வெந்துகொண்டிருப்பது பெரும்பாலும் பிராட்வர்ஸ்ட், ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பன்றி இறைச்சி சாசேஜ். பீரும் வெங்காயமும் போட்டு மெதுவாக வேகவைத்து, பிறகு கரியில் சுடுவது ஒரு முறை.

நீங்கள் அடுப்பெல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மடக்கு நாற்காலி, பாய், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர். இவ்வளவு போதும். நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்ததும் பக்கத்துக் கார்க்காரர் ஒரு தட்டில் சுட்ட சோளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மாமனார் பதிலுக்கு வறுவலைக் கொடுத்தார். அப்புறம் அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அடுப்பு கொண்டுபோகிறவர்கள், கரியை அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும்.

உள்ளே போவதற்கு முன் பார்க்கிங் இடத்திலேயே ஒரு சிறிய நினைவுப் பலகையைத் தேடிப் பாருங்கள். புகழ்பெற்ற பேஸ்பால் மட்டையாளர் ஹாங்க் ஆரன் 1976 ஜூலை 20 அன்று அடித்த 755ஆவது ஹோம் ரன் (பந்தை வேலிக்கு மேலே அனுப்பும் அடி), அவர் அடித்த கடைசி ஹோம் ரன், வந்து விழுந்த இடம் அது. அன்றைக்கு இங்கே பழைய கவுண்டி ஸ்டேடியம் இருந்தது. அதன் ஆடுகளம் இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் விளையாடும் ஒரு குட்டி மைதானம் இருக்கிறது.

வாங்கிய கடுகு ஜாடிகளைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடியை உள்ளே விடமாட்டார்கள். பையின் அளவுக்கும் விதி உண்டு, முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

படி 5: ஆட்டத்தைப் பின்தொடர இவ்வளவு தெரிந்தால் போதும்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் முதலில் விருந்தாளி அணி மட்டை பிடிக்கும், பிறகு உள்ளூர் அணி. மூன்று பேர் அவுட்டானால் மாறிக்கொள்ள வேண்டும். பந்து தரையில் படாமல் நேராக வரும். அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே ஆக வேண்டும். களத்தின் நாலு முனைகளில் இருக்கும் நிற்குமிடங்களுக்கு பேஸ் என்று பெயர். நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். வேலிக்கு மேலே போனால் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. ஆனால் பேஸில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அவர்களும் சுற்றி முடித்துவிடுவதால் ஒரே அடியில் நாலு ரன் வரைதான் வரும்.

மட்டை வீசித் தவறவிட்டாலோ, நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்து போட்டுவிட்டால், மட்டையாளர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். முன்னால் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் அடிக்க வேண்டும். பின்னால் தட்டிவிட்டு ரன் எடுக்கும் வேலை இங்கே கிடையாது, அது ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும் வரை ஃபவுலும் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும்.

அந்த ஃபவுல் பந்து கூட்டத்துக்குள் வந்து விழுந்தால், பிடித்தவருக்கே சொந்தம். என் மாமனார் இதைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, பந்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்களா?" என்று மூன்று முறை கேட்டார். கேட்கமாட்டார்கள். நிறையப் பெரியவர்கள் அதைப் பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் கொடுத்துவிடுவதையும் பார்ப்பீர்கள்.

ஆட்டம் நள்ளிரவு வரை போகுமோ என்று பயப்பட வேண்டாம். 2023இல் பந்துவீச நேரக் கடிகாரம் வைத்த பிறகு, சராசரி ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது.

படி 6: எப்போது எங்கே பார்க்க வேண்டும்

ப்ரூவர்ஸ் ஹோம் ரன் அடித்தால் இடது பக்கம் மேலே பாருங்கள். பெரிய மீசை வைத்த பெர்னி ப்ரூவர் என்ற சின்னம் சறுக்குமரத்தில் சறுக்கி வருவார். அவர் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். 1970இல் அணி மில்வாக்கிக்கு வந்த முதல் வருடம், கூட்டம் வரவில்லை. மில்ட் மேசன் என்ற 69 வயது ரசிகர், நாற்பதாயிரம் பேர் வரும் வரை இறங்கமாட்டேன் என்று ஸ்கோர் போர்டு உச்சியில் ஒரு டிரெய்லரில் குடியேறினார். ஆகஸ்ட் 16 அன்று 44,387 பேர் வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக் கீழே வந்தார், உள்ளங்கை தீய்ந்துபோனது. இன்று பெர்னி சறுக்குவது அவர் சறுக்கியதைத்தான்.

ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் கழிவறைக்கோ கடைக்கோ போய்விடாதீர்கள். ஐந்து பெரிய சாசேஜ் வேடம் போட்டவர்கள் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள்: பிராட்வர்ஸ்ட், போலிஷ், இத்தாலியன், ஹாட் டாக், சொரிசோ. முதலில் நாங்கள் சிரித்துக்கொண்டு பார்த்தோம். பிறகுதான் யோசித்தேன், ஜெர்மனி, போலந்து, இத்தாலி, மெக்சிகோ என்று இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் சமையலறைகள்தான் அந்தப் பந்தயத்தில் ஓடுகின்றன. சுற்றியிருக்கும் குழந்தைகளிடம் யார் ஜெயிப்பார்கள் என்று கேளுங்கள், ஆளாளுக்கு ஒரு கட்சி.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். வரிகள் தெரியாவிட்டாலும் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

நேரம் கிடைத்தால் மேல் அடுக்கில் கடைசி வரிசைக்கு ஏறிப் பாருங்கள். பாப் யூக்கர் அங்கே சிலையாக உட்கார்ந்திருப்பார். மில்வாக்கியில் 1934இல் பிறந்து, 1971 முதல் 2024 வரை ப்ரூவர்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தவர். 2025 ஜனவரியில் காலமானார். பக்கத்து நாற்காலி காலியாக விடப்பட்டிருக்கும், அதில் உட்கார்ந்துதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுகளம் அங்கிருந்து மிகச் சிறியதாகத் தெரியும், ஆனால் ஊர் முழுக்க அவர் குரலோடு வளர்ந்தது என்பதை அந்த வரிசையில்தான் உணர்ந்தேன்.

சாப்பாட்டில் சைவம் மட்டும் உண்பவர்களுக்குப் பொரித்த சீஸ் கர்ட் (சின்னச் சின்ன சீஸ் துண்டுகள்), வேர்க்கடலை, பிரெட்செல் கிடைக்கும். இறைச்சி உண்பவர்கள், அது மாடா பன்றியா என்று கேட்டே வாங்குங்கள். காலையில் மிடில்டனில் ருசி பார்த்த நாக்கோடு, ஒரு துளி கடுகுச் சாந்தைத் தொட்டுப் பாருங்கள்.

படி 7: வீடு திரும்புவது

கடைசி அவுட் விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுப்பார்கள். இருபது நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போங்கள், வெளியேறும் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும். சிகாகோவுக்கு 90 மைல். வண்டி ஓட்டுகிறவர் பகல் முழுக்க ஓட்டியவராக இருந்தால் இன்னொருவரிடம் சாவியைக் கொடுங்கள், அல்லது மில்வாக்கியிலேயே தங்கிவிடுங்கள்.

கடுகு ஜாடியை ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால் விமானத்தில் கையில் கொண்டுபோகும் பையில் வைக்காதீர்கள். சாந்தைத் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். துணியில் நன்றாகச் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.