ஜெய்ப்பூருக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்களா?

முதலில் ஹவா மஹால். 1799-ல் கட்டிய ஐந்து அடுக்கு மாளிகை என்றதும் முழங்கால் வலிக்காரர்கள் "நான் கீழேயே உட்கார்ந்துக்கறேன்" என்பார்கள். விடாதீர்கள். மேல்தளங்களுக்குப் பெரும்பாலும் சரிவுப் பாதைதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறலாம். உச்சியில் மட்டும் குறுகலான படிகள், அதை விட்டுவிடலாம். நுழைவாயில் பின்பக்கம் இருப்பதால், ஆட்டோவை முன்பக்கக் கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வீண் நடை.

ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் ஆய்வுக்கூடமும் சிட்டி பேலஸ் அரண்மனையும் அருகருகே உள்ளன, தரையும் சமதளம். ஆனால் ஜந்தர் மந்தர் திறந்தவெளி, நிழல் குறைவு. காலையிலேயே அங்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் அரண்மனைக்குள் நுழைந்துவிடுங்கள்.

ஆமேர் கோட்டைதான் சிரமம். மேலே வரை ஜீப்பில் போகலாம். யானைச் சவாரி வேண்டவே வேண்டாம்: ஏறி இறங்குவது பெரியவர்களுக்கும் கஷ்டம், யானைக்கும் பாவம். உள்ளே படிகளும் மேடுபள்ளக் கல்தரையும் உண்டு. ஷீஷ் மஹால் என்ற கண்ணாடி மண்டபத்தை மட்டும் பொறுமையாகக் காட்டுங்கள், மற்றதை அவர்கள் கால் தீர்மானிக்கட்டும். அப்புறம், செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் நல்லது.