எடை குறைந்த வீல்சேர்: டேப்பை முதலில் இடுப்பில் வையுங்கள்

கடைகளில் தயாராக நிற்கும் வீல்சேர்களில் 18 அங்குல சீட்தான் அதிகம். ஒல்லியானவரை அதில் உட்காரவைத்தால் ஒரு பக்கம் சாய்வார். வீட்டில் முதுகுக்குத் தலையணை கொடுப்பார்கள். அது இடுப்பை இன்னும் முன்னே தள்ளும். முதுகு கூனுவது பெரும்பாலும் இடுப்பு நழுவுவதால்தான்.

கெட்டியான பலகையில், பாதம் தரையில் படியும்படி உட்காரவைத்து அளவெடுங்கள். இடுப்பு, தொடை இரண்டில் எது அகலமோ அதோடு 1 அங்குலம் கூட்டினால் சீட்டின் அகலம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை உள்ள நீளத்தில் 2 அங்குலம் கழித்தால் ஆழம். ஆழம் கூடினால் சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும். உட்கார்ந்தவர் தானாக முன்னே நகர்வார், பாரம் வால் எலும்பில் இறங்கும், அங்கே புண் வரும்.

தானே தள்ளிக்கொள்பவருக்குச் சாய்மானம் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு இரண்டு விரல் கீழே முடியட்டும். மேலே போனால் கையைப் பின்னால் இழுக்கும்போது தடுக்கும். உடம்பை நிமிர்த்தி வைக்கத் தெம்பில்லாதவருக்குத் தோள்வரை வேண்டும். குஷன் போட்ட பிறகே இந்த உயரத்தைப் பாருங்கள்.

சாதா ரெக்சின் சாய்மானம் நாளடைவில் தூளி போலத் தொங்கிவிடும். பின்னால் வெல்க்ரோ பட்டைகள் உள்ளதையே கேளுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, ஆளை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரே உள்ள பட்டையை முதலில் இழுத்து ஒட்டுங்கள். அதற்குக் கீழே உள்ளவை தளர்வாகவே இருக்கட்டும். பிட்டம் உள்ளே போக இடம் வேண்டும். மேலே உள்ளவை மிதமான இறுக்கம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி இறுக்கினால் ஆள் முன்னே வழுக்குவார்.

இரும்பு வீல்சேர் 17 முதல் 20 கிலோ வரை இருக்கும்; அலுமினிய மடக்கு ரகம் 12 முதல் 15. விளம்பர எடையை அப்படியே நம்பாதீர்கள், ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு எடை சொல்வது சகஜம். துணிக்குப் பதில் கெட்டியான ஷெல் (ஓடு போன்ற வளையாத) சாய்மானம் போட்டால் 2 கிலோ கூடலாம். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்தவருக்கு அந்த 2 கிலோவைச் சுமப்பதே மேல்; மடக்கும் முன் அதைக் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பின்சக்கர அச்சை முன்னே நகர்த்தினால் தள்ளுவது லேசாகும், ஆனால் சரிவில் ஏறும்போது பின்னால் கவிழும். ஆன்டி-டிப்பர் (பின்னால் கவிழாமல் தாங்கும் குட்டிச் சக்கரங்கள்) மாட்டாமல் அச்சைத் தொடாதீர்கள். கைவளையத்தின் (கையால் பிடித்துத் தள்ளும், சக்கரத்தின் வெளிப்பக்க வளையம்) உச்சியைப் பிடிக்கும்போது மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே முழங்கைக் கோணம் 100 முதல் 120 டிகிரி இருந்தால் (கையை முழுதாக நீட்டினால் 180) சக்கரத்தின் உயரம் சரி.

மொத்த அகலம் சீட்டைவிட சுமார் 8 அங்குலம் கூடுதல். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் உட்காரவைத்து, பிறகு வால் எலும்பையும் பிட்டத்தையும் பாருங்கள். சிவந்த தடம் அரை மணிக்குள் மறையாவிட்டால் அந்த நாற்காலியோ குஷனோ சரியில்லை. தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர் 'வலிக்கலை' என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.