நியூட்டனுக்கு முன்னால் 'தி' வேண்டாம்

பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவனின் இயற்பியல் ரெக்கார்டு நோட்டைப் போன வாரம் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே 'டு வெரிஃபை தி ஓம்ஸ் லா' என்று இருந்தது. சோதனை சரி, அளவுகள் சரி, கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அந்த 'தி' மட்டும்தான் தப்பு. 'ஓம்ஸ் லா' என்று எழுதினாலே போதும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒற்றை நாற்காலிதான். அதில் 'தி' உட்காரலாம், 'எ' உட்காரலாம், 'மை' உட்காரலாம், 'ரவிஸ்' உட்காரலாம். ஒன்று உட்கார்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு இடமில்லை. அதனால்தான் 'தி மை புக்', 'தி ரவிஸ் பைக்' இரண்டுமே தப்பு. 'நியூட்டன்ஸ் தேர்ட் லா', 'ஹாலீஸ் காமெட்' எல்லாம் 'தி' இல்லாமல்தான் வரும்.

சரி, 'தி ராமன் எஃபெக்ட்' மட்டும் எப்படிச் சரி? அதில் உடைமையைக் காட்டும் 'எஸ்' இல்லை. எந்த விளைவு என்று அடையாளம் சொல்வதற்காக மட்டும் ராமன் பெயர் அங்கே நிற்கிறது. நாற்காலி காலி, 'தி' வந்து உட்கார்கிறது. அவருடைய அண்ணன் மகன் பெயரில் உள்ள 'தி சந்திரசேகர் லிமிட்'டும் இப்படித்தான். ஆனால் 1928-இல் ராமன் கண்டுபிடித்ததைச் சொல்லும்போது 'ராமன்ஸ் டிஸ்கவரி', 'தி' கிடையாது. தேர்வுத்தாள்களில் அதிகம் குழம்புகிற இடம் இதுதான்.

அப்படியானால் 'தி டீச்சர்ஸ் பேக்' தப்பா? இல்லை. அந்த 'தி' பைக்கு உரியதல்ல, டீச்சருக்கு உரியது. 'ஆஃப்' போட்டுத் திருப்பிப் பாருங்கள்: 'தி பேக் ஆஃப் தி டீச்சர்'. டீச்சருக்கு முன்னால் 'தி' வருகிறது அல்லவா? ரவிக்கு முன்னால் வராது. இதைப் பாதி மட்டும் புரிந்துகொண்டு 'டீச்சர்ஸ் பேக் இஸ் ஆன் தி டேபிள்' என்று இருக்க வேண்டிய 'தி'யையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

'எ விமன்ஸ் காலேஜ்' வேறு கதை. 'விமன்' பன்மை, அதற்கு 'எ' சேராது. இங்கே 'எ' கல்லூரிக்கு உரியது. யாருடைய கல்லூரி என்பதல்ல கேள்வி, என்ன மாதிரிக் கல்லூரி என்பதுதான். 'எ சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிடல்' என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நம் தமிழ் இழுத்துக்கொண்டு போகிற தவறு ஒன்று உண்டு. 'என்னோட அந்த சைக்கிள்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதையே 'மை தட் சைக்கிள்' என்றால் ஒரே நாற்காலியில் இரண்டு பேர். 'தட் சைக்கிள் ஆஃப் மைன்' என்று ஒருவரைப் பின்னால் அனுப்ப வேண்டும். 'என் நண்பன் ஒருவன்' என்பது 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'. ரவியின் நண்பர்களில் ஒருவன் என்றால் 'எ ஃப்ரெண்ட் ஆஃப் ரவிஸ்'. ரவி பின்னால் போனாலும் அந்த 'எஸ்' அவனோடேயே போகும்.