பைத்தானில் வேவ் ஃபைல் எழுதுவது எப்படி?

ஆடியோ ஃபைல் என்றதும் பெரிய வித்தை என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சாதாரண வேவ் ஃபைலைத் திறந்து பார்த்தால் முதலில் 44 பைட் ஹெடர், அதன் பின்னால் வரிசையாக எண்கள். அவ்வளவுதான். அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்வது ஹெடர். இரண்டும் ஒத்துப்போனால் நினைத்த ஒலி வரும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கீழே பார்க்கலாம், அதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பைத்தானோடு கூடவே வரும் வேவ், அரே, மேத் ஆகிய மூன்று மாட்யூல்கள் போதும். எதையும் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

படி 1: சாம்பிள்களைக் கணக்கிடுங்கள்

சாம்பிள் என்பது ஒரு கணத்தில் ஒலி அலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லும் எண். நொடிக்கு 44100 சாம்பிள் வீதம், 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றை 2 நொடிக்கு எழுதுவோம். மொத்தம் 88200 எண்கள். 16 பிட் என்பதால் ஒவ்வொன்றும் -32768 முதல் 32767 வரைக்குள் அடங்க வேண்டும். உச்சம் வரை போகாமல் பாதியில், அதாவது 16383-இல் நிறுத்திக்கொள்வது நல்லது.

லூப்பில் சாம்பிளின் வரிசை எண்ணை 2, பை, 440 மூன்றாலும் பெருக்கி, 44100-ஆல் வகுத்து, அதற்கு சைன் கண்டுபிடியுங்கள். வந்ததை 16383-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து அரேயில் சேருங்கள். அரேயின் டைப் 'எச்' (சின்ன எழுத்து). முதல் நான்கு எண்கள் 0, 1026, 2049, 3063 என்று வந்தால் கணக்கு சரி. ரவுண்ட் செய்ய மறந்தால் அரே தசம எண்ணை வாங்காது, எரர் வரும்.

படி 2: ஃபைலைத் திறந்து எழுதுங்கள்

வேவ் மாட்யூலின் ஓப்பன் ஃபங்ஷனை 'டபிள்யூபி' மோடில் அழையுங்கள். வித் பிளாக்குக்குள் வைத்தால் ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே முதலில் மூன்று செட்டிங்: சேனல் 1, சாம்பிள் அகலம் 2, ஃபிரேம் ரேட் (ஒரு சேனலுக்கு நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) 44100. அகலம் பைட் கணக்கு, அதனால் 16 என்று போட்டுவிடாதீர்கள். பிறகு அரேயை டுபைட்ஸ் மூலம் பைட்டாக்கி ரைட்ஃபிரேம்ஸிடம் கொடுங்கள்.

ஃபைலுக்குள் 1026 என்ற எண் 2, 4 என்று இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும். சிறிய பகுதி முதலில், பெரிய பகுதி பின்னால்: 2 + 4 × 256. மொத்த அளவு 176444 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். 88200-இன் இரு மடங்கு, கூட ஹெடரின் 44.

படி 3: வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எண்களைத் தொடாமல் ஃபிரேம் ரேட்டை 22050 ஆக்குங்கள். அதே ஸ்வரம் 4 நொடிக்கு இழுத்து, 220 ஹெர்ட்ஸில் கனத்து ஒலிக்கும். அதைப் பழையபடி மாற்றிவிட்டு, சேனலை 2 ஆக்குங்கள். எண்கள் இடது, வலது என்று மாறி மாறிப் பங்கு போடப்பட்டு, 1 நொடியிலேயே 880 ஹெர்ட்ஸில் கீச்சென்று முடிந்துவிடும். ஒலி வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் முதலில் ஹெடரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இதற்குப் பிறகு மறக்கவே மறக்காது.

கரகரப்பு வந்தால் எண்களைச் சந்தேகப்படுங்கள். நம்பை (எண் வரிசைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரி) பழகிய புதிதில் இரண்டு 16 பிட் அலைகளை நேரடியாகக் கூட்டிவிட்டு, எங்கிருந்து இரைச்சல் வருகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். 20000-மும் 20000-மும் கூடி 40000 ஆகாமல், எல்லை தாண்டிச் சுற்றி -25536 ஆகியிருந்தது. எரர் எதுவும் வரவில்லை. தசம எண்ணாகவே கூட்டி, அளவைக் குறைத்து, கடைசியில் மட்டும் 16 பிட்டுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: ஸ்டீரியோ

இப்போது சேனல் 2-ஐ முறையாகவே பயன்படுத்தலாம். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் 440 ஹெர்ட்ஸின் எண்ணை முதலிலும் 660 ஹெர்ட்ஸின் எண்ணை அடுத்தும் அதே அரேயில் சேருங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் இடது காதில் ஒன்று, வலது காதில் மற்றொன்று.